"நான்கு மணி நேரம்தான்" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறியவர்கள் உண்டா?

கோட்டையூர்க்காரன்:
அப்பத்தா இறந்த அன்று சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு எனக்குக் கிடைத்தது மதியம் ஒரு மணி விமானம். "ஒரு மணிக்கு ஏறுகிறேன், நான்கு மணி நேரம்தான்" என்று சித்தப்பாவிடம் சொல்லிவிட்டுக் கைப்பேசியை அணைத்தேன். நான் சொன்னது அங்கத்திய ஒரு மணி. நம் ஊரில் அப்போது பத்தரை. கேத வீட்டில் அதை யார் யோசிப்பது? ஒன்றும் நான்கும் ஐந்து, காரில் இரண்டு மணி நேரம், ஆக ஏழு. பொழுது சாய்ந்துவிடும் என்று பங்காளிகள் பேசி, நான்கு மணிக்கே எடுத்துவிட்டார்கள். நான் இரண்டரைக்கே திருச்சியில் இறங்கிவிட்டேன். டிரைவரின் கைப்பேசியில் அழைத்துப் பார்த்தேன், யாரும் எடுக்கவில்லை.

ஐந்தேகாலுக்கு வீட்டுக்குள் கால் வைத்தால் தரை ஈரம். கழுவிவிட்டிருந்தார்கள். ஆத்தங்குடிக் கல்லில் தண்ணீர் இன்னும் வடிந்துகொண்டிருந்தது. ஆத்தா ஈரத்தலையோடு வந்து, "ஏழு மணிக்குத்தானே வருவாய் என்றார்கள்?" என்று கேட்டார்.

பள்ளத்தூர் பெரியவர்:
தம்பி, தப்பாக நினைக்காதீர்கள், பிழை உங்களுடையதுதான். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னே ஓடுகிறது. டிக்கெட்டைப் பார்த்தால் போகும்போது ஆறரை மணி நேரப் பயணம் போலவும், வரும்போது ஒன்றரை போலவும் தெரியும். இரண்டுமே நான்குதான். வான்வழித் தூரம் ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர். மணிக்கு 850 என்று வகுத்தால் மூன்றரை வரும். மீதி அரை மணி, ஓடுதளம் வரை உருள்வதற்கும் ஏறி இறங்குவதற்கும். டிக்கெட் நேரம் என்பது நின்ற இடத்திலிருந்து நகர்ந்து மறுபடி நிற்கும் வரை. இனிமேல் வீட்டாரிடம் புறப்படும் நேரத்தைச் சொல்லாதீர்கள். விமான எண்ணையும், நம் ஊர்க் கடிகாரப்படி இறங்கும் நேரத்தையும் எழுதி அனுப்புங்கள்.

என் கதை சின்னது. மகள், "பன்னிரண்டாம் தேதி இரவு 12.15க்கு இறங்குகிறேன்" என்றாள். நான் பன்னிரண்டாம் தேதி மாலை காரைக் கழுவிவிட்டு அன்று இரவு கிளம்பலாம் என்று நினைத்தேன். அவள் அன்று விடியற்காலையிலேயே டாக்சியில் வந்து கதவைத் தட்டினாள்.

தேவகோட்டை வாசி:
பெரியவரின் 850 கணக்கு எல்லா இடத்துக்கும் ஒத்துவராது. சென்னைக்கும் திருச்சிக்கும் வான்வழி 300 கிலோமீட்டர்கூட இல்லை. அதற்கே ஒரு மணி நேரம் போடுகிறார்கள். ஏறி முடிப்பதற்குள் இறக்கம், எங்கே வேகம் பிடிப்பது? ஒரு முறை கெத்தாக விமானத்தில் வந்தேன். அது தாமதம், பிறகு பெட்டிக்குக் காத்திருப்பு, பிறகு கார். பல்லவன் ரயிலில் வந்த அத்தான் வீட்டுத் திண்ணையில் வெள்ளைப் பணியாரத்தைத் துவையலில் தோய்த்துக்கொண்டே, "விமானம் வந்துவிட்டதா?" என்றார். இன்றுவரை விடவில்லை.

கோட்டையூர்க்காரன்:
பெரியவர் கணக்கு சரிதான். அன்று நான் விமான எண்ணைச் சொல்லியிருந்தாலும் சித்தப்பாவுக்கு அதை எங்கே பார்ப்பதென்று தெரியாது. "இந்திய நேரம் இரண்டரைக்கு இறங்குகிறேன்" என்று ஒரு வரி போதுமாக இருந்தது.