புதுப்பிப்பு: சேர்ந்து துள்ளிய இரண்டு முட்கள்

என் 1972 டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் காரில் பெட்ரோல் மானியின் முள்ளும் எஞ்சின் வெப்ப மானியின் முள்ளும் ஒன்றாக உச்சிக்கு ஏறுவதைப் பற்றிக் கேட்டிருந்தேன். உதவியவர்களுக்கு நன்றி. "இரண்டும் சேர்ந்து ஆடினால் எர்த்தைப் பாருங்கள்" என்றவர் சொன்னதே சரி (எர்த் என்பது காரின் உலோக உடலோடு சேரும் மின் இணைப்பு).

ஸ்பீடோமீட்டரின் முதுகிலுள்ள வோல்டேஜ் ஸ்டெபிலைசர் மின்சாரத்தை விட்டுவிட்டு அனுப்பி, இரண்டு மானிகளுக்கும் சராசரியாக 10 வோல்ட் தருகிறது. அதில் சோதனை விளக்கை வைத்தால் சிமிட்ட வேண்டும். எனக்கு அணையாமல் எரிந்தது. அவசரப்பட்டுப் புதிதாக ஒன்று வாங்கி மாட்டினேன், பயனில்லை. ஸ்டெபிலைசரைப் பிடித்து எர்த் தரும் திருகைக் கழற்றிப் பார்த்தால் அடியில் பெயின்ட்டும் துருவும்; எர்த் சரியாகச் சேரவில்லை. உப்புத்தாளால் தேய்த்து, தனியாக ஓர் எர்த் ஒயர் இழுத்துப் பழையதையே மாட்டினேன்; விளக்கு சிமிட்டியது, முட்கள் அடங்கின. புதியது பெட்டியில் தூங்குகிறது.

எதிர்பாராத ஒன்று: சாவியைத் திருப்பியபின் முட்கள் சோம்பலாகத்தான் எழுகின்றன. மறுபடி பதறிவிட்டேன், சூட்டில் வளையும் உலோகப் பட்டையால் இயங்கும் மானிக்கு அது இயல்புதான்.