ரத்தப் புற்றுநோயால் வந்த சிறுநீர்ப்பாதைச் சிக்கல்: நீங்கள் பார்த்ததை எழுதுங்கள்

குளச்சல் நர்ஸ்
போட்டுக்குப் போகிற பையன். சி.எம்.எல். என்கிற ரத்தப் புற்றுநோய் இருப்பதே தெரியாது. ராத்திரி 11 மணிக்கு ஆணுறுப்பு விறைத்தது, மறுநாள் உச்சிவரை இறங்கவில்லை. வெட்கத்தில் வயிற்று வலி என்று சொல்ல, ஓ.பி. சீட்டிலும் அதுவே ஏறிவிட்டது. ஸ்கேன் வரிசையில் நின்றபடி, "யக்கா, ஆம்பள டாக்டர் ஆராவது உண்டா?" என்றான், தலை நிமிராமல். வெள்ளணு 3 லட்சத்துக்கு மேல், மண்ணீரல் தொப்புள்வரை. 4 மணி நேரம் தாண்டினாலே எமர்ஜென்சி.

தக்கலை பார்மசி
வெள்ளணு பெருகி ரத்தம் குழம்பாகித் தேங்குவதுதான் காரணம். முதலில் ஹைட்ராக்சியூரியா கொடுத்து எண்ணிக்கையை இறக்கணும், கூடவே யூரிக் அமிலம் ஏறாமலிருக்க அலோபியூரினால்.

ஆசாரிபள்ளம் தியேட்டர்
அண்ணே, காரணம் செரி, வரிசை தப்பு. மாத்திரை வேலை செய்ய நாளாகும், அதுவரை திசு தாங்காது. மாத்திரையும், தேங்கிய ரத்தத்தை ஊசியால் உறிஞ்சுவதும் ஒரே நேரத்தில் நடக்கணும். வேர்ப்பகுதியில் மரப்பு ஊசி போட்டு, பக்கவாட்டில் 3 மணி அல்லது 9 மணி நிலையில் 19 கேஜ் பட்டர்ஃப்ளை ஊசி. மேலே குத்தினால் நரம்பு, கீழே மூத்திரக்குழாய். முதல் சிரிஞ்சை பிளட் கேஸ் (ரத்த வாயு) டெஸ்டுக்கு அனுப்புங்கள்: பி.எச். 7.25க்குக் கீழ், ஆக்சிஜன் 30க்குக் கீழ் என்றால் ரத்தம் அடைபட்ட வகை. கறுத்த ரத்தத்தை உறிஞ்சியும் இறங்காவிட்டால், ரத்தக்குழாயைச் சுருக்கும் ஃபினைலெஃப்ரினை அதே ஊசி வழியே போடணும். 10 மி.கி. ஆம்பூலை 100 மி.லி. சலைனில் கலந்தால் மில்லிக்கு 100 மைக்ரோகிராம். 5 நிமிடத்துக்கு 1 மி.லி., அதிகபட்சம் ஒரு மணி நேரம், பி.பி.யும் நாடியும் பார்த்தபடி. கலக்காமல் போட்டால் பி.பி. எகிறிவிடும்.

மார்த்தாண்டம் யூரோ வார்டு
இங்கே சி.எல்.எல். என்கிற இன்னொரு ரத்தப் புற்றுநோய் உள்ள பெரியவர் ஒருவர், புராஸ்டேட் ஆபரேஷன். ஆஸ்பிரினை நிறுத்தியிருந்தார்கள், அந்த நோய்க்குச் சாப்பிட்ட இப்ரூட்டினிப் மாத்திரையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. மறுநாள் குழாயோடு மாட்டிய பையில் மூத்திரம் கருப்பட்டிப் பாகு நிறத்தில் இறங்கி, அப்படியே நின்றுபோனது. அடிவயிறு கல்.

கேட்காமலே சொல்கிறேன்: ரத்தக்கட்டி அடைத்திருக்கும்போது கழுவும் சலைனை ஓடவிடாதீர்கள், போனது திரும்பாமல் சிறுநீர்ப்பை வீங்கும். 22 ஃப்ரெஞ்ச் மூவழிக் குழாய் போட்டு, 60 மி.லி. சிரிஞ்சால் கையாலேயே கட்டிகளை இழுத்தெடுங்கள். நிறம் தெளிந்த பிறகுதான் ஓட்டம். பிளேட்லெட் எண்ணிக்கை நன்றாக இருந்தாலும் நம்பவேண்டாம்; இந்த மாத்திரை பிளேட்லெட்டின் வேலையைத்தான் கெடுக்கும். ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் 3 முதல் 7 நாள் நிறுத்துவதா என்பதை ரத்தநோய் டாக்டர் முடிவு செய்யணும். திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் ஆஸ்பத்திரியில் மருந்து வாங்குகிறவர்கள் அந்தச் சீட்டையும் உள்ளூர் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்.

குலசேகரம்
புற்றணுக்கள் அழியும்போது யூரிக் அமிலம் ஏறி உண்டாகும் கல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எக்ஸ்ரேயில் தெரியாது. விலாவில் வலி இருந்து எக்ஸ்ரே சுத்தமாக வந்தால் காண்ட்ராஸ்ட் இல்லாத சி.டி. எடுங்கள்.