பழைய இரும்பு லோட்டில் ஷெல் வந்தால்?

கேள்வி (பஞ்சிகாவத்தை):
வன்னிப் பக்கத்திலிருந்து வரும் இரும்பு லோட்டில் மோட்டார் ஷெல் மாதிரிச் சாமான் கிடந்தால் என்ன செய்வது? ஓரடி நீளம், வாலில் சிறகுத் தகடு, துருவில் ஓட்டையே விழுந்திருக்கும். தண்ணி உள்ளே போயிருந்தால் செத்துப்போயிருக்கும் என்கிறார்கள் பொடியன்கள். லொறியோடேயே பொலிசுக்குக் கொண்டுபோகலாமா?

பதில் 1:
வேண்டவே வேண்டாம் தம்பி. துரு தின்பது வெளிக்கூட்டையும் பியூசையும் (வெடிக்கத் தூண்டும் பொறி) தான். உள்ளே இருக்கும் டிஎன்டி வெடிமருந்து பல பத்தாண்டு மண்ணுக்குள் கிடந்தாலும் வீரியம் குறையாது. சுட்டு வெடிக்காமல் விழுந்த ஷெல் என்றால் பியூசின் பூட்டுகள் ஏற்கெனவே விலகியிருக்கும். ஊசிக்கும் டெட்டனேட்டருக்கும் நடுவில் மெல்லிய ஸ்பிரிங் ஒன்றுதான் மிச்சம் இருக்கலாம், அதையும் துரு தின்றுகொண்டிருக்கும். லொறி ஒரு குழியில் விழுந்து குலுங்கினாலே காணும்.

காந்தக் கிரேனையும் காஸ் கட்டரையும் உடனே நிறுத்துங்கள். லோடை இறக்கவும் வேண்டாம், மூடவும் வேண்டாம். எல்லாரும் வந்த வழியாலேயே வெளியேறி, நன்றாக விலகிய பிறகு 119க்கு அடியுங்கள். நீளம், தடிப்பு, லோட்டில் எந்தப் பக்கம் என்று சொன்னால் போதும். படம் எடுக்கவென்று திரும்பிப் போகாதீர்கள். கேற்றில் ஒருவர் நின்று வருகிறவர்களைத் தடுக்கட்டும்.

பதில் 2:
ஓட்டையால் வெள்ளைப் புகை வந்தால் அது வெள்ளைப் பொஸ்பரஸாக இருக்கலாம். அது காற்றுப் பட்டால் 30 பாகை அளவிலேயே தீப்பிடிக்கும். கொழும்பு மத்தியான வெயிலுக்கு அது பெரிய சூடில்லை. புகைக்கு எதிர்ப்பக்கமாக ஓடுங்கள்.

குண்டு செயலிழக்கச் செய்யும் பிரிவு முதலில் பார்ப்பது, கிடந்த இடத்திலேயே வெடிக்கவைக்கலாமா என்றுதான். சுற்றிவர வீடுகள் உள்ள இடத்தில் அது சரிவராது. நகர்த்தலாம் என்று அவர்கள் முடிவெடுத்தால் மட்டுமே மணலுக்குள் வைத்து வெளியிடத்துக்குப் போகும். நீதவான் உத்தரவு எடுக்க நேரம் போகலாம், அதுவரை யார்டு பூட்டித்தான் இருக்கும்.

பதில் 3:
சுடாத ஷெல் என்றாலும் நம்பமுடியாது. 2016 ஜூன் 5 சாலாவ இராணுவ முகாமின் ஆயுதக் களஞ்சிய வெடிப்பில் ஊர்த் தோட்டங்களுக்குள் வந்து விழுந்தவை பீரங்கியால் சுடப்பட்டவையல்ல, களஞ்சியத்திலிருந்து எறியப்பட்டவை. சூடும் அதிர்ச்சியும் பட்ட பியூசைச் சுட்ட பியூசாகவே கணக்கெடுக்க வேண்டும். ஷெல்லை எறியும் பழைய உந்துமருந்து வேறு பிரச்சினை: அது சிதையாமல் காக்கும் நிலைப்படுத்தி வெப்பத்தில் மெல்லமெல்லத் தீர்ந்துபோனால், யாரும் தொடாமலே தானாகப் பற்றலாம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி அண்ணை. வால்த்துண்டு மட்டும் தனியாக வந்தால்? அலுமினியத்துக்கு நல்ல விலை.

பதில் 1:
அந்தக் குழாய்க்குள்தான் உந்துமருந்தைத் தூண்டும் தோட்டா இருக்கும். அடியில் நடுவிலுள்ள, குத்தினால் பற்றும் கேப்பில் ஊசி குத்திய பள்ளம் இல்லையென்றால் அது இன்னும் சுடப்படாதது. அந்தப் பள்ளத்தைப் பார்க்கவென்று கையில் எடுக்கவோ, வாளில் அறுக்கவோ கூடாது. அதற்கும் 119தான்.