புதுப்பிப்பு: மொரிஸ் மைனருக்குத் திறப்பு கிடைத்துவிட்டது

அப்பாவின் 1962 மொரிஸ் மைனர் காருக்கு இருந்த ஒரே திறப்பும் தொலைந்துவிட்டது, திறப்புப் போட்டுத் திருப்பும் சுவிச்சை உடைக்காமல் என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

"சுவிச்சின் முகத்தை நன்றாகத் துடைத்துப் பாருங்கோ, எண் இருக்கும்" என்று ஒரு அண்ணா எழுதியதுதான் பலித்தது. மண்ணெண்ணெய் தொட்ட துணியால் அழுக்கை எடுத்ததும், திறப்புத் துவாரத்தின் பக்கத்தில் எஃப்எஸ் என்று தொடங்கும் எண் தெரிந்தது. அந்தக் காலத்து ஆங்கிலேயக் கார்கள் பலவற்றுக்கு இந்த எண்ணை வைத்தே திறப்பு வெட்டலாம். இப்போதைய திறப்புகள்போல உள்ளே மின்னணுச் சிப் எதுவும் கிடையாது, வெறும் உலோகத் தகடுதான். இங்கிலாந்தில் பழைய பாகங்கள் விற்கும் கடையில் லண்டன் மச்சான் வாங்கி அனுப்பினார். முதல் திருப்பிலேயே சிவப்பு விளக்கு எரிந்தது. அப்பாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

எதிர்பாராதது, அதே திறப்பு கதவுக்குச் சேரவில்லை. பூட்டு உள்ள கதவுக் கைப்பிடியை எப்போதோ மாற்றியிருக்கிறார்கள். அதைக் கழற்றி யாழ்ப்பாணத்தில் திறப்பு வெட்டுபவரிடம் கொடுத்தேன். உள்ளே இருக்கும் தகடுகளின் உயரத்தைப் பார்த்தே புதிதாக வெட்டித் தந்தார். பூட்டுக்கு எண்ணெய் விடாமல் கிராஃபைட் தூள் போடச் சொன்னார். எண்ணெயில் தூசி ஒட்டிப் பூட்டு இறுகிவிடுமாம்.

இரண்டுக்கும் மாற்றுத் திறப்பு வெட்டி, எண்ணையும் கார்ப் புத்தகத்தில் எழுதி வைத்தாயிற்று.