ரெடிஸ் சேர்வர்: கேர்னல் செட்டிங் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் அண்ணாமார், அக்காமார். வெள்ளவத்தையில் ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை செய்கிறேன். எங்கள் பழைய லினக்ஸ் சேர்வரின் 16 ஜிபி மெமரியில், தரவை மெமரியிலேயே வைத்திருக்கும் டேட்டாபேஸான ரெடிஸ் மட்டும் 9 ஜிபி பிடிக்கிறது. நேற்றிரவு பின்னணியில் டிஸ்கில் சேமிப்பதற்கு ஃபோர்க் ஆக (தன்னைப் போல இன்னொரு புரோசஸை உருவாக்க) முடியாமல், 'கேனாட் அலொகேட் மெமரி' (மெமரி ஒதுக்க முடியவில்லை) என்று லாக்கில் விழுந்தது. அத்தோடு ரெடிஸ் எதையும் எழுத விடவில்லை. இருக்கும் மெமரியை விடக் கூடுதலாகக் கேட்டால் கொடுப்பதா என்று லினக்ஸின் மையமான கேர்னலுக்குச் சொல்லும் ஓவர்கமிட் மெமரி செட்டிங்கை 0 (கேர்னலே கணித்து முடிவெடுக்கும்) இலிருந்து 1 (எப்போதும் கொடுக்கும்) ஆக்கினேன், சேமிப்பு ஓடுகிறது.

ஆனால் சேமிக்கும் நேரமெல்லாம் பதில் தாமதமாகிறது. மெமரியைப் பெரிய பக்கங்களாகக் கொடுக்கும் டிரான்ஸ்பேரன்ட் ஹியூஜ் பேஜ் செட்டிங் 'ஆல்வேஸ்' (எப்போதும்) இல் கிடக்கிறது. சேமிப்பு ஓடும்போது வரும் சின்ன மாற்றத்துக்கும் 2 எம்பி பக்கம் முழுதாகப் பிரதியாவதால் அதைத்தான் சந்தேகப்படுகிறேன். இன்றிரவு அதை 'நெவர்' (ஒருபோதும் இல்லை) ஆக்கி, ரெடிஸை மறுபடி தொடங்கப் போகிறேன்.

என் உண்மையான பயம் வேறு. அதே சேர்வரில் போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸும் ஓடுகிறது. அதற்கு ஓவர்கமிட் 2 (வரம்புக்கு மேல் கொடுக்காது) தான் பாதுகாப்பு, ஆனால் இந்த செட்டிங் முழு மெஷினுக்கும் ஒன்றுதான். இரண்டையும் ஒரே மெஷினில் வைத்திருப்பவர்கள் எதை வைத்தீர்கள்? தயவுசெய்து சொல்லுங்கள்.