புதுப்பிப்பு: அக்காவின் மார்புக் கட்டி (ஃபைப்ரோஅடினோமா இல்லை)

மார்ச்சில் இங்கே கேட்டிருந்தேன்: அக்காவுக்கு மார்பில் வேகமாக வளரும் கட்டி, ஊசித் திசுச் சோதனையில் ஃபைப்ரோஅடினோமா (புற்றுநோய் அல்லாத சாதாரண மார்புக் கட்டி) என்று வந்தது, அப்படியே விட்டுவிடலாமா என்று. பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி. "வளர்ந்தால் எடுத்துவிடுங்கள், முதலில் பாலிகிளினிக்கில் (சிங்கப்பூரின் அரசு மருந்தகம்) பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. கடிதம் இருந்ததால் அரசு மருத்துவமனையில் மானியக் கட்டணம், மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கும் உதவியது. காலையில் அறுவை, மாலையில் வீடு.

எதிர்பாராதது அப்புறம்தான். எடுத்த கட்டி தீங்கற்ற ஃபில்லோடஸ் (ஃபைப்ரோஅடினோமா போலவே தோன்றும், அரிதான மார்புக் கட்டி)! ஊசியில் வரும் சிறு துணுக்கை வைத்து இரண்டையும் பிரித்தறிவது கடினமாம். பெயரைக் கேட்டு அம்மா பயந்துவிட்டார். கிரேக்கத்தில் இலை போன்றது என்று பொருள் என்றதும், "வெற்றிலையா?" என்றார்.

நிணநீர்க் கணுக்களுக்கு இது பரவுவது மிக அரிது. அதனால் அக்குளில் உள்ள கணுக்களில் கை வைக்கவில்லை. ஆனால் அதே இடத்தில் திரும்ப வரலாம். 6 மாதத்தில் ஸ்கேன்.