காய்கறி லசானியா: வெட்டியதும் தண்ணீர் ஓடிய அனுபவம் உண்டா?

மண்டபம்_கரையோரம்

தட்டில் ஓடிய அந்தச் சிவப்புத் தண்ணீர் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

ஆறு பேர், தங்கச்சிமடத்தில் வாடகை வீடு, சின்ன ஓ.டி.ஜி. (மேசையில் வைக்கிற மின் அவன்), ஒரு பாக்கெட் லசானியா ஷீட், அதாவது அடுக்கிச் சுடுகிற தட்டையான பாஸ்தா. 180 டிகிரியில் 40 நிமிடம். மேலே நல்ல பொன்னிறம். கத்தி இறங்கியதுதான் தாமதம், அடியிலிருந்து தக்காளித் தண்ணீர் கிளம்பித் தட்டு விளிம்புவரை வந்துவிட்டது. மேல் ஷீட்டின் நாலு மூலையும் அப்பளம் மாதிரி நிமிர்ந்து மொறுமொறுவென்று உடைந்தது, அடி ஷீட் கஞ்சி. ஒரே பாத்திரத்தில் இரண்டும் எப்படி?

போட்டது: கத்தரிக்காய் அரை கிலோ, குடமிளகாய் 2, காளான் 200 கிராம், பாலக் ஒரு கட்டு. எல்லாம் பச்சையாக நறுக்கி அடுக்கியது. தக்காளி சாஸ் முக்கால் லிட்டர். வருகிற வழியில் காற்று வேகம் கூடியதால் ரயிலைப் பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கமே நிறுத்திவிட்டார்கள். சீஸ் பை மூன்று மணி நேரம் ஜன்னலோர வெயிலில் கிடந்தது. அதுதான் காரணமா?

அடுப்பு_ராம்நாடு

சீஸ் மேல் பழி போடாதீர்கள். வெயில் பட்ட சீஸ் எண்ணெயைத்தான் கக்கும், தண்ணீரை அல்ல. உங்கள் தட்டில் ஓடியது காய்த் தண்ணீர். கத்தரி, காளான், பாலக், தக்காளி எல்லாவற்றிலும் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். பச்சையாக அடுக்கி மூடினால் அது வேறெங்கே போகும்? அடியில் இறங்கிக் கீழ் ஷீட்டை ஊறவைக்கும். மேல் ஷீட்டுக்கு ஒரு சொட்டு கிடைக்காது, காய்ந்து சுருளும். நீங்கள் பார்த்த இரண்டுக்கும் காரணம் ஒன்றே.

அதற்காக அந்தச் சீஸைப் போட்டதும் சரியில்லை. நம் ஊர் வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடந்த துருவல் சீஸைத் தூக்கிப்போட்டுவிட வேண்டும்.

கத்தரிக்காயை நீளவாக்கில் அரை சென்டிமீட்டர் கனத்துக்கு வெட்டுங்கள். அரை கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி உப்பு தூவி அரை மணி நேரம் வடிகட்டியில் வையுங்கள். பிறகு துணியில் ஒற்றி, தோசைக்கல்லில் எண்ணெய் தடவி இருபுறமும் நிறம் மாறச் சுடுங்கள். காளானை எண்ணெய் இல்லாமல் வெறும் சட்டியில் போடுங்கள். முதலில் தண்ணீர் விடும். அது வற்றி, சட்டியில் சத்தம் மாறும்போதுதான் எண்ணெயும் பூண்டும். பாலக்கை வதக்கி, ஆறவிட்டு, இரண்டு கையாலும் பிழியுங்கள். ஒரு கட்டு எலுமிச்சை அளவுக்குச் சுருங்க வேண்டும். முருங்கைக்கீரை போட்டால் இந்தப் பிழிகிற வேலையே இல்லை, நெய்யில் இரண்டு நிமிடம் வதக்கினால் போதும். லசானியாவுக்கு எனக்குப் பாலக்கைவிட முருங்கைதான் உசத்தி.

தக்காளி ஒரு கிலோ என்றால் அரை லிட்டருக்குச் சற்று மேலாக வற்ற வேண்டும். கரண்டியால் சட்டியின் அடியில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு உடனே மூடிக்கொண்டால் இன்னும் ஆகவில்லை. நாட்டுத் தக்காளிக்குச் சாறு அதிகம், கூடுதலாகக் கால் மணி நேரம் பிடிக்கும். கார மிளகாய்த் துகளுக்குப் பதில் நம்ம முண்டு மிளகாய் மூன்றை வெந்நீரில் ஊறவைத்து அரைத்துச் சேருங்கள். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய மிளகாய், தோல் கனம், சாஸுக்கு நிறமும் பிடிப்பும் வரும்.

வெள்ளை சாஸுக்கு அரை லிட்டர் பால், 40 கிராம் வெண்ணெய், 40 கிராம் மைதா. மைதாவை வெண்ணெயில் சிறு தீயில் இரண்டு நிமிடம், சிவக்கவிடாமல் பச்சை வாசம் போக வறுத்து, வெதுவெதுப்பான பாலை மூன்று தடவையாக ஊற்றிக் கிளறுங்கள். ஒரு சிட்டிகை ஜாதிக்காய். கடைசி ஷீட்டின் நாலு மூலையும் மறைகிற மாதிரி இந்தச் சாஸைத் தடவ வேண்டும். உங்கள் ஷீட் அப்பளம் ஆனது அந்த மூலைகளை விட்டதால்தான். முதல் 30 நிமிடம் அலுமினியத் தாள் மூடி, பிறகு திறந்து 10 முதல் 15 நிமிடம். வெளியே எடுத்தபின் கால் மணி நேரம் தொடக்கூடாது. அதற்குள் வெட்டினால் எவ்வளவு நன்றாகச் செய்திருந்தாலும் சரியும்.

இன்னொன்று. பாக்கெட்டில் 'வேகவைக்காமல் போடலாம்' என்றிருக்கிற ஷீட்டுக்கு மட்டும் சாஸ் கொஞ்சம் இளக்கமாக இருக்கட்டும், அது ஊறித்தான் வேக வேண்டும். வேகவைத்துப் போடுகிற வகைக்குக் கெட்டியான சாஸ். இதை மாற்றிச் செய்தால் மேலே சொன்ன எதுவும் உதவாது.

கீழக்கரை_சமையல்கட்டு

எங்களுக்கு நடந்தது வாசனையில். 2022 டிசம்பரிலிருந்து 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கிற வரைக்கும் ரயில் ராமேஸ்வரம் தீவுக்குள் போகாமல் இருந்ததே, அந்தக் காலம். மண்டபத்தில் இறங்கி பஸ் மாறியதில் ஷீட் பாதி நொறுங்கிவிட்டது. வெண்ணெயும் சீஸும் ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டியில். மீன் ஏற்றி வந்த பெட்டி, நன்றாகக் கழுவியதுதான். மூடியைத் திறந்தால் வெண்ணெய் முழுக்க நெத்திலி வாசம். சைவம் சாப்பிடுகிற இரண்டு தோழிகளும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவ்வளவு ஆசையாக வந்தவர்கள்.

கொழுப்பு எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். எவர்சில்வர் சம்படத்தில் இறுக்கி மூடி, அதை ஐஸ் மேல் வையுங்கள், ஐஸுக்குள் புதைக்காதீர்கள். உருகின தண்ணீர் உள்ளே இறங்கும். நொறுங்கிய ஷீட்டை வீசாதீர்கள், நடு அடுக்குகளில் ஓடு வேய்கிற மாதிரி ஒன்றன் மேல் ஒன்று ஏற்றி வைக்கலாம். முழு ஷீட் அடிக்கும் மேலுக்கும்.

பாலும் வழியிலேயே திரிந்துவிட்டது. அதை அப்படியே கொதிக்கவைத்துப் பன்னீராக எடுத்து நடுவில் போட்டோம்.

தேவிபட்டினம்_கடலோரம்

கீழக்கரை லாத்தா (அக்கா), ஓடு வேய்கிற யோசனை அருமை. ஆனால் அந்தப் பன்னீரை மட்டும் இனி யாரும் செய்யாதீர்கள். எலுமிச்சை ஊற்றி நாம் திரிக்கிற பால் வேறு, பஸ் சூட்டில் தானாகத் திரிந்த பால் வேறு. இரண்டாவதில் என்ன கிருமி வளர்ந்தது என்று யாருக்கும் தெரியாது. சில கிருமி விடுகிற நஞ்சு கொதிக்கவைத்தாலும் போகாது. ஆறு பேர் சாப்பிடுகிற சாப்பாடு அது.

பாலை ஊரிலிருந்து சுமக்க வேண்டியதே இல்லை, போய் இறங்கிய இடத்தில் வாங்குங்கள். இரண்டு லிட்டர் கொழுப்புப் பால் பொங்கியதும் அடுப்பை அணைத்து, ஒரு நிமிடம் விட்டு, நாலு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றில் அதே அளவு தண்ணீர் கலந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். பச்சை கலந்த தெளிநீர் பிரிந்ததும் நிறுத்திவிடுங்கள். துணியில் வடித்து, புளிப்புப் போகக் கழுவி, 20 நிமிடம் தொங்கவிட்டால் போதும். கனம் வைத்து அழுத்த வேண்டாம், உதிர்ந்து வர வேண்டும். 350 கிராமுக்குக் குறையாமல் கிடைக்கும்.

சைவத் தோழிகள் என்றீர்களே, அவர்களுக்காக ஒன்று சொல்லியே ஆக வேண்டும். இத்தாலியிலிருந்து வருகிற அசல் பார்மசான் சீஸ் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கிற நொதியை வைத்துச் செய்வது. லசானியாவில் கறி இல்லை என்பதால் மட்டும் அது சைவம் ஆகிவிடாது. பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று உறையைப் பார்த்து வாங்குங்கள்.

சாயல்குடி_பனங்காடு

அடுப்பு அண்ணே, கத்தரிக்காய்க்கு உப்பு போடச் சொன்னது சரி. ஷீட் வேகவைக்கிற தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே? புத்தகத்தில் லிட்டருக்கு 10 கிராம் உப்பு என்று போட்டிருக்கும். நம் கரையில் போர்வெல் தண்ணீரே உப்புக் கரிக்கும். அதில் இன்னும் 10 கிராம் போட்டு வேகவைத்த ஷீட்டை வாயில் வைக்க முடியவில்லை. காவிரித் தண்ணீரோ கேன் தண்ணீரோ எடுத்தால்தான் அந்தக் கணக்கு செல்லும்.

கறிக்குப் பதில் மைசூர்ப் பருப்பு போடுகிறவர்களும் கவனிக்க வேண்டும். போர்வெல் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம், பருப்பின் தோலும் சதையும் இறுகிப்போகும். முக்கால் மணி நேரம் கொதித்தும் விரலுக்கு நடுவில் கல் மாதிரி உருண்டது. அதே பருப்பு கேன் தண்ணீரில் 20 நிமிடத்தில் மசிந்தது. தக்காளியையும் பருப்பு வெந்த பிறகுதான் சேர்க்க வேண்டும், புளிப்பும் வேகவிடாது.

பாம்பன்_வாடை

ஓ.டி.ஜி. இல்லாதவர்களுக்காக எழுதுகிறேன். மொட்டை மாடியில் அடிகனமான அலுமினிய குண்டாவில் செய்தது. அடியில் கல் உப்பு ஒரு கிலோ பரப்பி, மேலே வளையம் வைத்து, மூடி போட்டு 10 நிமிடம் சூடேற்றி, பிறகு லசானியாத் தட்டை இறக்கிச் சிறு தீயில் 45 நிமிடம். வெந்தது. ஆனால் மேலே வெள்ளை வெளேரென்று இருந்தது. பிரியாணிக்குத் தம் போடுகிற மாதிரி மூடியின் மேல் சிரட்டைக் கனல் பரப்பினோம். எட்டாவது நிமிடம் மூடியைத் தூக்கியபோது சீஸ் கொப்பளம் கொப்பளமாகச் சிவந்து, ஓரத்தில் 'சொய்ங்' என்று சத்தம். அந்தச் சத்தம் மறக்காது.

கெடுத்தது காற்று. தீ ஒரு பக்கமே சாய்ந்ததால் பாதித் தட்டு தீய்ந்தது, பாதி வெளுத்தது. கால் மணிக்கு ஒருமுறை குண்டாவைக் கால் சுற்று திருப்ப வேண்டும். தகரம் வைத்துக் காற்றைத் தடுக்கலாம், அடுப்புக்கும் சிலிண்டருக்கும் நடுவில் வையுங்கள். சிலிண்டரையும் சேர்த்து மறைக்கக் கூடாது, சூடேறும்.

மண்டபம்_கரையோரம்

எல்லாருக்கும் நன்றி. நேற்று மறுபடி செய்தாயிற்று, அதே வீடு, அதே ஓ.டி.ஜி. உப்பு போட்ட கத்தரிக்காயிலிருந்து மட்டும் கால் டம்ளர் பழுப்புத் தண்ணீர் வடிந்தது. காளானும் சட்டியில் நனைந்து நின்று பிறகுதான் வற்றியது. முதல் தடவை அத்தனையும் தட்டுக்குள் இருந்திருக்கிறது.

பாலக்குக்குப் பதில் முருங்கை. கால் மணி நேரம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே காத்திருந்து வெட்டினோம். துண்டு சதுரமாக எழுந்து வந்தது, அடுக்கு அடுக்காகத் தெரிந்தது, தட்டு காய்ந்தே இருந்தது. ஒரு மூலை மட்டும் மறுபடி மொறுமொறுத்துவிட்டது, அங்கே சாஸ் எட்டவில்லை.

இரண்டு துண்டு மிச்சம். ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் இருந்து கெட்டியாகிவிட்டது. காலை ரயிலில் மதுரைவரை ஐஸ் பையோடு கொண்டுபோகலாமா, லாத்தா?

கீழக்கரை_சமையல்கட்டு

தாராளமாக. சம்படத்தில் போட்டு, ஐஸ் பையை மேலேயும் கீழேயும் வையுங்கள். போனதும் தோசைக்கல்லில் மூடிபோட்டு, உள்ளே ஆவி வருகிற வரை சூடு பண்ணுங்கள். மீன் பெட்டி மட்டும் வேண்டாம்.